நட்சத்திரக் கட்டத்தில் என் முகவரி

இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் ஒரு மனிதர் என்னென்ன செய்வாரோ, அதையெல்லாம் நான் செய்தேன். முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டேன். அப்புறம், இத்தனை நாளும் வாடகையே கொடுத்ததில்லை என்பது நினைவுக்கு வந்து அடங்கிப்போனேன்.

நோட்டீஸ் அனுப்பியது என் மின்னஞ்சல் கணக்கை நடத்திவந்த கம்பெனி. அந்தக் கம்பெனியை உலகத்தில் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்பதைக் கடைசியில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த மாதக் கடைசி நாளோடு சேவையை நிறுத்துகிறோம், அதற்குள் உங்கள் நினைவுகளைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கடிதங்கள் என்று போட்டிருந்தால் நானும் சரி என்று மூடிவிட்டுப் போயிருப்பேன். நினைவுகள் என்று போட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த எழுத்தாளன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்புவது சுலபம். திரும்பப் படுக்கவைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஆள் வீட்டிலேயே இருந்தார்.

"என் மெயிலை மூடப்போறானாம்" என்றேன் மனைவியிடம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "அதுல இன்னா இருக்குது?"

"இருபது வருஷ வாழ்க்கை இருக்கு."

"அப்ப நான் எதுல இருக்கேன்?"

நான் மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கணக்கு தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வெள்ளிமலையில் பள்ளிக்கூட வாத்தியார். வாரக் கடைசியில் மலை இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வருவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் புதிதாகப் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். பிளைவுட் தடுப்பு, மேலே ஒரு பூப்போட்ட திரை, உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு மல்லிகைச் சரம். "மெயில் ஐடி இல்லாத மனுசன் இனிமே மனுசனே இல்ல சார்" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பி, அவரையே ஒன்று தயார் செய்யச் சொன்னேன். நான் அப்போது கவிதை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் முகவரியின் முன்பாதியில் கவிஞன் என்று பொருள்படும் ஒரு சொல், அதற்கப்புறம் மலை, அதற்கப்புறம் நான் பிறந்த வருடம். கவிதை மூன்று வருடத்தில் நின்றுவிட்டது. முகவரி நிற்கவில்லை. வழுக்கை விழுந்து, சர்க்கரை வந்து, மூக்குக்கண்ணாடி இரண்டு முறை தடித்த பிறகும், வங்கிக் கவுன்டரில், ஆஸ்பத்திரி வரிசையில், கேஸ் கம்பெனியில் அந்த முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருப்பவர் எழுதி முடித்துவிட்டு ஒரு முறை என் தலையைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் தேவலை.

ஆனாலும் பிரிவு பிரிவுதானே. அதை முறையாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. தொடர்பில் இருந்த எல்லோருக்கும் ஒரு விடைபெறும் கடிதம் எழுதினேன். இரண்டு நாள் உழைத்தேன். காலம், ஓட்டம், மௌனம், ஒரு சாளரம் மூடுவது எல்லாம் அதில் வந்தன. 'இனி இந்த முகவரியில் நான் இருக்கமாட்டேன்' என்று முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

பதில்கள் மளமளவென்று வந்தன. பெரும்பாலானவை, அப்படி ஒரு ஆளே இல்லை என்று எந்திரம் திருப்பி அனுப்பியவை. ஒருவர் விடுப்பில் இருக்கிறாராம், திங்கட்கிழமை வருவாராம். அவர் ஓய்வு பெற்றே நாலு வருடம் ஆகிறது. போர்வெல் மோட்டார் விற்கும் ஒருவர், என் கடிதத்துக்கு நன்றி சொல்லி, சென்ற முறை கேட்ட மோட்டார் இப்போது ஸ்டாக் இருப்பதாக எழுதியிருந்தார். நான் எந்த மோட்டாரும் கேட்டதில்லை. மனிதர் கையால் வந்த பதில் ஒன்றே ஒன்று. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் என் பழைய நண்பர் எழுதியது. முழுக் கடிதமும் கீழே:

"சரி."

அதற்குப் பிறகுதான் நினைவுகளைப் பத்திரப்படுத்த உட்கார்ந்தேன். எனக்கு வந்த இலக்கியக் கடிதங்களை ஒரு தொகுப்பாகப் போடலாம் என்றுகூட ஒரு எண்ணம். தேடிப் பார்த்ததில், பத்திரிகைகள் என் கட்டுரையைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்தியவை ஒரு பக்கம். வருந்தாமல் திருப்பி அனுப்பியவை இன்னொரு பக்கம். மீதி எல்லாம், படிக்கப் படிக்க, எனக்கு வந்தவையே அல்ல.

இதற்குக் காரணம் ஒரு நட்சத்திரம்.

ஆன்லைனில் விண்ணப்பம் போடும் காலம் வந்ததும் எல்லாப் படிவத்திலும் மின்னஞ்சலுக்கென்று ஒரு கட்டம் வந்துவிட்டது. அதன் தலையில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். அப்படியென்றால் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று பொருள். வெள்ளிமலையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் சாதிச் சான்றுக்கும் வேலைவாய்ப்புப் பதிவுக்கும் இறங்கி வருகிறவர்களிடம் மெயில் ஏது? "நட்சத்திரம் போட்ட கட்டம் காலியா இருந்தா மிஷின் உள்ள வுடாது சார்" என்றார் சென்டர்காரர். "உங்களுத போட்டுக்கட்டா? நீங்க அங்கதான இருக்கீங்க, சொல்லிடுவீங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மலைக்கே முகவரி ஆவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவரும் தாராளமாகப் போட்டார். ஆரம்பத்தில் நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். மெயில் வந்தால் துண்டுச் சீட்டில் எழுதி, உரியவர் வீட்டுப் பிள்ளையிடம் வகுப்பிலேயே கொடுத்துவிடுவேன். பிறகு எனக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் வந்தது. துண்டுச் சீட்டு பஸ் கண்டக்டர் கைக்கு மாறியது. பிறகு கண்டக்டரும் மாறினார். பிறகு நான் அந்தக் கடிதங்களைத் திறப்பதையே விட்டுவிட்டேன். சென்டர்காரர் மட்டும் விடவில்லை. பழக்கதோஷத்தில் என் முகவரியைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

'அன்புள்ள விண்ணப்பதாரரே' என்று தொடங்கும் கடிதங்கள், திறக்காமல், வருடக்கணக்காக. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கெடு. ஒவ்வொரு கெடுவும் தாண்டிப் போயிருந்தது. நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளில் மெத்தனமான குமாஸ்தாக்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரும் சம்பளமில்லாமல் இந்த அளவுக்கு மெத்தனமாக இருந்ததில்லை.

அதில் ஒரு கடிதத்துக்கு மட்டும் கெடு தாண்டவில்லை. வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. குப்பைக் கடிதங்களுக்கான பெட்டியில், வழுக்கைக்கு எண்ணெய் விற்கும் இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது.

மலையில் எங்கள் பள்ளியோடு சேர்ந்த விடுதியில் ஒரு சமையல்காரம்மா இருந்தார். மலைக்காரர். ஜீப் ஓட்டும் கணவர், இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணி. நான் அங்கே தங்கியிருந்த காலமெல்லாம் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டவர். உப்பு கம்மி என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, மறுநாள் என் இலையில் மட்டும் ஒரு கைப்பிடி உப்பை வைத்துவிட்டுப் போனவர். நிரந்தர வேலைக்கு அவர் விண்ணப்பித்திருந்தது தேர்வாகியிருக்கிறது. மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் துறையின் இணையதளத்தில் நுழைந்து சம்மதம் தெரிவித்து, அனுபவச் சான்றை ஏற்ற வேண்டும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்.

அன்றைக்கு இருபத்தேழாம் தேதி.

விடுதிக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி நின்றால்தான் செல்போனுக்கு உயிர் வரும். மலை டீக்கடையின் லேண்ட்லைனுக்குப் போன் போட்டு, ஆளை அனுப்பச் சொல்லி, அவர் பாறைமேல் ஏறிக் கூப்பிட ஒரு மணி நேரம் ஆனது.

"சார், நல்லாகீறீங்களா? இன்னா விசயம்?"

சொன்னேன். பாறைமேல் அடிக்கிற காற்றுச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்.

"எப்ப வந்திச்சி?"

"இப்பதான்... அதாவது ஒரு பத்து பதினோரு நாள் ஆச்சு. அது வேற ஒரு பெட்டிக்குள்ள போய் விழுந்துடுச்சும்மா. ஸ்பாம்னு ஒண்ணு இருக்கு. அது எப்படின்னா—"

"பதினோரு நாளா இன்னாத்துக்கு சார் வச்சிகினு இருந்தீங்க? அடகாத்தா குஞ்சு பொரிக்கும்னா?"

நான் ஸ்பாம் பற்றிய விளக்கத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"அடுத்த தடவ கூப்புட்டா எனக்கு வயசு தாண்டிப்பூடும் சார்" என்றார். குரலில் இப்போது கிண்டல் இல்லை. "இதான் கடைசி. நான் காலீல மொத பஸ்ஸுல கீழ வந்துடட்டா?"

இந்த இடத்தில் நான் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் படித்தவன்.

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்? இதுக்குப் பேர்தான் ஆன்லைன். அவங்கவங்க இருக்கிற இடத்திலேருந்தே காரியத்தை முடிக்கிறதுக்குத்தான் இதைக் கண்டுபிடிச்சிருக்கான். சான்றை யாரையாவது போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"நீங்களா?" என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் நிறைய இருந்தது. நான் கவனிக்கவில்லை.

இணையதளத்துக்குள் நுழைய இரண்டு ஓடிபி வேண்டும். ஒன்று என் மெயிலுக்கு வரும். இன்னொன்று அவருடைய செல்போனுக்குப் போகும். இரண்டையும் பத்து நிமிடத்துக்குள் ஒரே பக்கத்தில் அடிக்க வேண்டும். எனக்கு வர வேண்டியது உடனே வந்தது. அவருடையது பாறைக்குப் போய்ச்சேர வேண்டும். அவரிடம் இருந்தது பட்டன் போன். என்னோடு பேசிக்கொண்டிருந்தால் செய்தியைத் திறக்க முடியாது. திறப்பதற்காக லைனை வெட்டினால் மறுபடி என்னைப் பிடிக்க முடியாது. பிடித்து எண்ணைச் சொல்லும்போது பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாவது முறை, அவர் முதல் முறை வந்த எண்ணையே படித்தார். மூன்றாவது முறை, மேகம் இறங்கிவிட்டது. மூன்று முறை தவறியதால் இருபத்து நாலு மணி நேரம் கழித்து முயற்சிக்கவும் என்று திரையில் வந்தது.

இருபத்தெட்டாம் தேதியும் இதே கூத்து. இந்த முறை இங்கே கரண்டு போனது.

இருபத்தொன்பதாம் தேதி பகல் முழுக்கக் கதவு திறக்காது என்று எந்திரம் சொல்லிவிட்டது. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"சார், உங்க ஆன்லைனு நல்லாத்தான் கீது. நாளைக்குத்தான் கடைசி நாளு. நான் பஸ் ஏறி வந்துடறேன். சென்டர்ல இருங்க."

"அதுவும் ஒரு நல்ல யோசனைதான்" என்றேன். அது என் யோசனை என்கிற தொனியில் சொன்னதாக மனைவி பிற்பாடு சாட்சி சொன்னார்.

என் செல்போனில் மெயில் திறக்காது. மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதன் பேட்டரி செத்து, சுவரோடு கட்டிப்போட்ட மாடு மாதிரி ஆகி இரண்டு வருடம். சான்றை ஸ்கேன் செய்ய எப்படியும் சென்டருக்குத்தான் போக வேண்டும். அதனால் வெறுங்கையோடு போனேன். சென்டரில் பிளைவுட் தடுப்பெல்லாம் போய், ஜெராக்ஸ் மிஷினும் லேமினேஷனும் வந்துவிட்டன. சென்டர்காரருக்குத் தொப்பை வந்துவிட்டது. மல்லிகைச் சரம் மட்டும் இருக்கிறது.

பன்னிரண்டுக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறதாம். ஒரு மணி. இரண்டு மணி. நான் வாசலில் நிற்பதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். அப்போதுதான், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அந்த அம்மாவுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று நிதானமாக நினைத்துப் பார்த்தேன். விடுதிக்கு நிரந்தர ஆள் வந்துவிட்டால் தற்காலிக ஆள் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்பது வருடமாக நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப்போட்ட அடுப்பில் வேறு யாரோ பொங்குவார்கள். காரணம், ஒரு மாஜி கவிஞன் குப்பைப் பெட்டியைத் திறக்கவில்லை.

மூன்றரைக்கு வந்து சேர்ந்தார். டிராக்டரைத் தாண்டி நடந்து வந்து, வேறு வண்டி பிடித்திருக்கிறார். செருப்பெல்லாம் செம்மண். ஒரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்று. இன்னொரு கையில் பை நிறையச் சாமை அரிசி.

"இது அக்காவுக்கு. உங்களுக்கு இல்ல" என்று பையை என்னிடம் கொடுத்தார்.

உட்கார்ந்தோம். என் மெயிலைத் திறக்கப் போனேன். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது.

வீட்டுக் கணினி ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அதற்கு என்னைத் தெரியும். நான் அந்தப் பாஸ்வேர்டைக் கடைசியாக அடித்தது எந்த ஆட்சியில் என்பதே நினைவில்லை. பிறந்த வருடம் போட்டேன். கல்யாண வருடம் போட்டேன். மலையின் பெயரை முன்னும் பின்னும் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மனைவிக்குப் போன் செய்து, மடிக்கணினியைத் திறந்து எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம் என்றால், அவர் மணலூர்பேட்டைக்குத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். பூட்டிய வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வீடு ஆறு கிலோமீட்டர். மணி மூன்று ஐம்பது. ஆட்டோ பிடிக்கலாமா என்று எழுந்தபோது திரையில் ஒரு மாற்று வழி வந்தது. கணக்கு தொடங்கியபோது நான் தேர்ந்தெடுத்த கேள்விக்குப் பதில் சொன்னால் போதுமாம்.

'உங்களுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் யார்?'

எனக்கு உயிர் வந்தது. இதில் நான் தோற்க முடியாது. தமிழில் என் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடும் பெரிய பெயர் ஒன்றை அடித்தேன். தவறு. அவருக்கு எதிர் முகாமில் இருந்தவரைப் போட்டேன். தவறு. அந்தக் காலத்தில் ரஷ்ய நாவல்களைப் படித்துவிட்டு மலையில் திரிந்தது நினைவுக்கு வந்தது. தாடி வைத்த இரண்டு பேரையும் போட்டுப் பார்த்தேன். தவறு, தவறு.

"இன்னா சார் கேக்குது?" என்றார் பக்கத்து ஸ்டூலில் இருந்த சமையல்காரம்மா.

"எனக்குப் புடிச்ச எழுத்தாளர் யாருன்னு கேக்குதும்மா."

"அதுகூடவா மறந்துபூச்சி?"

இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்று திரை எச்சரித்தது. அப்போது ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாலிருந்து சென்டர்காரரின் குரல் வந்தது. யாருடைய ஆதார் அட்டையையோ திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"சார், அது உங்க பேருதான்."

"என்னது?"

"உங்க பேருதான் சார் போட்டீங்க. நான்தான அடிச்சேன். முன்னால கவிஞர்னு சேத்து அடின்னு சொன்னீங்களே."

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஜெராக்ஸ் மிஷின்கூட அந்த நேரம் பார்த்து ஓடாமல் நின்றது. மறுத்துப் பேசலாம் என்று வாயெடுத்தேன். மணி நாலு ஐந்து. கவிஞர் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தவறாக இருக்கட்டும் என்று ஒரு கணம் மனதார வேண்டிக்கொண்டேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

திறந்துவிட்டது.

சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நல்லவேள சார். நீங்க வேற யாரையாச்சும் புடிச்சிகினு இருந்தா என் வேல பூட்டிருக்கும்."

மீதி பத்து நிமிட வேலை. என் எண் மெயிலில் வந்தது. அவர் எண் அவருடைய பட்டன் போனில், மடியிலேயே, ஒரு சின்ன மணிச் சத்தத்தோடு வந்து விழுந்தது. சான்று ஏறியது. 'உங்கள் சம்மதம் பதிவு செய்யப்பட்டது' என்று பச்சையில் வந்ததும் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இனிமே வர்றதெல்லாம் எங்க வரும் சார்?"

"இதுல வராது. இன்னையோட இதை மூடறாங்க."

"அப்ப எனக்கு ஒண்ணு செஞ்சிக் குடுங்க" என்றார் சென்டர்காரரைப் பார்த்து. முகவரியாக அவர் சொன்னது தன் பெயரையும் ஊர்ப் பெயரையும். வேறு ஒன்றும் இல்லை. மலையில் கவிஞர்கள் குறைவு. பாஸ்வேர்டு அடிக்கும் இடம் வந்தபோது சென்டர்காரரை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். பிறகு ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார். ஒரு பாதுகாப்புக்காக இருக்கட்டுமே என்று, பழைய வாத்தியார் தோரணையில் கேட்டேன்.

"என்ன போட்டீங்கம்மா?"

"அது உங்களுக்கு எதுக்கு சார்?"

சரிதான். எனக்கு எதுக்கு?

துறையின் பக்கத்திலும் சென்டர்காரர் அந்தப் புது முகவரியை மாற்றிப் போட்டார். கிளம்புமுன் அந்த அம்மா இன்னொன்று கேட்டார். "வேற யாருக்கெல்லாம் வந்துகீது?" இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதிய பட்டியல் என்னிடம் இருந்தது. யார் யாருக்கு என்னென்ன வந்தது, எது காலாவதி, எதற்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று. அவர் அதைப் படித்தார். சில பெயர்களில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். ஒரு பெயரில் நின்றபோது மட்டும், "இவன் இப்ப கேரளாவுல எஸ்டேட் வேலைக்குப் பூட்டான்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தாளை நாலாக மடித்து, சான்று இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து கணக்கைக் கடைசியாக ஒரு முறை திறந்தேன். துறையிலிருந்து புதிதாக ஒரு கடிதம் இருந்தது. உங்கள் மின்னஞ்சல் முகவரி வெற்றிகரமாக மாற்றப்பட்டது, இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும் என்று இருந்தது. என் கணக்குக்கு வந்த கடைசிக் கடிதம் அதுதான். அதுவும் எனக்கு இல்லை. மூடினேன். காலையில் பார்த்தபோது வெள்ளைப் பக்கத்தில் ஒரு நன்றி மட்டும் இருந்தது. நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. சாமைப் பொங்கல் நன்றாக இருந்தது.

அவருக்கு வேலை உத்தரவு வந்ததை ஒன்றரை மாதம் கழித்து டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மலையில் ஒரு சேதி என் கை படாமல் போய்ச்சேர்ந்தது அதுவே முதல் தடவை. சரியான நாளில் போய்ச்சேர்ந்திருக்கிறது.

போன வாரம் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கச் சென்டருக்குப் போனேன். என் மகள் எனக்கு ஒரு புது மெயில் தொடங்கிக் கொடுத்திருக்கிறாள். அதன் பாஸ்வேர்டு வீட்டில் ஒரு காலண்டரின் பின்னால் இருக்கிறது. அது எந்தக் காலண்டர் என்பதுதான் தெரியவில்லை. "ஐடி இல்லாட்டி பரவால்ல சார், நான் பாத்துக்கறேன்" என்றார் சென்டர்காரர். எதையோ அடித்தார். நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் போன் வந்தது. காற்றுச் சத்தம்.

"சார், நான்தான். உங்க லைசென்ஸுக்கு ஏதோ நம்பர் இப்பத்தான் வந்துகீது. சென்டர்காரரு இப்பல்லாம் மலைக்காரங்க எல்லாருக்கும் என்னுதத்தான் போடறாரு. கீழ இருக்கறவங்களுக்கும் ஆரம்பிச்சிட்டாரு போல. புதுசா டச் போனு வாங்கிகினு, தெனம் ரெண்டு வேள பாறமேல ஏறிப் பாத்துக்கினு இருக்கேன். எழுதிக்கிறீங்களா?"

"இருங்கம்மா, பேனா எடுத்துக்கறேன்."

"பத்து நிமிசந்தான் சார் டைம்மு. பதினோரு நாள் இல்ல."

மனைவி ஒரு பேனாவை நீட்டினார். அந்த அம்மா ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"சரியா எழுதினீங்களா? திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.